ஒன்றே முக்கால் வினாடி

ஜூன் 10, திங்கள்

போனுக்கு மென்பொருள் செய்யும் கம்பெனியில் சம்பளம் வாங்குகிறவன் தாளில் நாட்குறிப்பு எழுதுவது, பேக்கரிக்காரர் பக்கத்துக் கடையில் பன் வாங்கித் தின்பது போலத்தான். ஆனால் காரணம் இருக்கிறது. நாங்களே செய்த குறிப்பேட்டுச் செயலி திறப்பதற்கு ஒன்றே முக்கால் வினாடி ஆகிறது. அதற்குள் என்ன எழுத வந்தோம் என்பது மறந்துவிடுகிறது. பேனா மூடியைத் திறக்க எனக்கு அரை வினாடி போதும்.

இன்று காலை சரவணம்பட்டி ஆபீசில் குழந்தைவேலு எங்கள் பதினான்கு பேரையும் உட்காரவைத்துப் பேசினார். அவர்தான் முதலாளி. 'விரல்' என்ற எங்கள் இயங்குதளம் அவருடைய ஆறு வருடக் கனவு. ஊருலகத்தில் பதிப்புகளுக்கு மிட்டாய்ப் பெயர் வைக்கிறார்கள் என்று நாங்களும் எங்கள் ஊர்ப் பலகாரங்களாகப் பார்த்து முதல் பதிப்புக்குக் கச்சாயம், இரண்டாவதற்கு ஒப்புட்டு என்று வைத்தோம். இப்போது ஓடுவது சந்தவை. ஓடுகிறது என்பது மரியாதைக்குச் சொல்வது.

"செங்கோடன் மொபைல்ஸ் நாச்சிமுத்து ஐயா சொந்தப் பேர்ல ஒரு மலிவு போன் விடப்போறாருங்க. எம்பத்தி நாலு கடை. ஜூலை பன்னெண்டாந் தேதி முடிவு சொல்லுவாரு. நம்ம விரல் அதுல ஏறுச்சுன்னா நாம இருப்போம். இல்லீன்னா நான் காங்கயம் போயி அப்பாவோட எண்ணெய் மில்லுல உக்காந்துக்குவேன். நீங்க வேற வேலை பாத்துக்கோங்க" என்றார்.

உலகத்தில் ஆண்ட்ராய்டு, ஐபோன் என்று இரண்டு பெரிய கட்சிகள். மூன்றாவதாக நாங்கள். தமிழ்நாட்டில் மூன்றாவது அணிக்கு என்ன மரியாதை என்பது எல்லோருக்கும் தெரியும். இதில் என் இலாகா மெருகு. பொத்தானின் மூலை எவ்வளவு வளைய வேண்டும், தொட்டால் எந்த நிறத்துக்கு மாற வேண்டும், திரை எப்படி வழுக்கிக்கொண்டு வர வேண்டும் என்பதெல்லாம் நான். போனை வேகமாக்குவது கோகிலவாணியின் வேலை. வேகமாக இருப்பதுபோல் தோன்றவைப்பது என் வேலை.

மாலையில் சுகுணா போனில் பேசினாள். என் மனைவி. கல்யாணமானதிலிருந்து பன்னிரண்டு வருடம் இங்கே தமிழாசிரியையாக இருந்தவள், இந்த மாதம் தலைமையாசிரியையாகக் கோபிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளிக்குப் போயிருக்கிறாள். இப்போதைக்கு அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள்.

"பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துலயே ரெண்டு ரூம் வீடு ஒண்ணு பாத்திருக்கறன். ஆனி முடியறதுக்குள்ள பால் காய்ச்சோணும். ஆடி பொறந்துட்டா யாரும் குடி போக மாட்டாங்க. வீட்டுக்காரங்க ஜூலை பத்து வரைக்கும் பொறுத்துக்கறேன்னாங்க. நீங்க வர்றதா இருந்தா இந்த வீடு. இல்லீன்னா மாடியில ஒத்த ரூம் ஒண்ணு இருக்குது, எனக்கு அது போதும். வர்றீங்களா, இல்லீங்களா? ஒரு வார்த்தை சொல்லுங்க."

வாரத்தில் பாதி நாள் கோபியிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று குழந்தைவேலு ஏற்கெனவே சொல்லிவிட்டார். தடை என்று ஒன்றும் இல்லை. அதுதான் சிக்கல்.

"இதோ சொல்றேன்" என்றேன்.

ஜூன் 12, புதன்

விரல் பட்டதற்கும் திரை அசைந்ததற்கும் நடுவே எவ்வளவு நேரம் என்று அளக்க, வினாடிக்கு ஆயிரம் படம் பிடிக்கும் கேமரா வாடகைக்கு வந்தது. நடிகர் நான். என் ஆள்காட்டி விரல் ஒரு நாள் முழுக்கப் 'புகைப்பட தொகுப்பு' என்ற பொத்தானைத் தொட்டது.

சுவரில் பெரிதாக்கிப் போட்டுப் பார்த்தோம். விரல் இறங்குகிறது. தொடுகிறது. பிறகு ஒரு யுகம். பதினான்கு பேரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். கடைசியில் கோகிலவாணி, "வெள்ளிங்கிரிண்ணா, நகம் வெட்டுங்ண்ணா" என்றாள்.

நகம் வெட்டினேன். ஒன்றே முக்கால் வினாடி அப்படியே இருக்கிறது.

ஜூன் 16, ஞாயிறு

மாவு புளித்துவிட்டது. தோசையாக்கித் தின்றேன். கறிவேப்பிலைச் செடிக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்று இதுவரை நான் யோசித்ததே இல்லை. செடியும் இப்போதுதான் யோசிக்கிறது போலிருக்கிறது.

கோபிக்குப் போவதாக இருந்தேன். பொத்தானின் மூலை வளைவு எட்டா, ஒன்பதா என்று முடிவு செய்யாமல் போக மனம் வரவில்லை. மாலை ஆறு மணிக்கு எட்டரை என்று முடிவு செய்தேன். நிறம் மயில்கழுத்தா, வெங்காயச் சருகா என்பது பாக்கி.

சுகுணாவிடமிருந்து: "கிளம்பியாயிற்றா?" நான்: "இதோ கிளம்பிட்டேன்." அப்போது நான் லுங்கியில் இருந்தேன்.

ஜூன் 19, புதன்

இன்று எனக்கு ஞானம் பிறந்தது. இடம், ஆபீஸ் எதிரில் பாப்பாத்தி அக்கா மெஸ்.

மத்தியானக் கூட்டம். இலையில் சோறு மலை மாதிரி இருக்கிறது, குழம்பு இல்லை. "அக்கா, கொழம்பு" என்று கூப்பிட்டேன். உள்ளேயிருந்து உடனே, "இதோ வந்துட்டனுங்" என்று குரல் வந்தது. அக்கா வரவில்லை. நான் அப்பளத்தை உடைத்துக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன். எதிர் மேசையில் ஒருத்தர் மோர் கேட்டார். "இதோ." அவரும் நிம்மதியாக உட்கார்ந்தார். கடிகாரத்தைப் பார்த்தேன். குழம்பு வர மூன்றரை நிமிடம். ஒருவருக்கும் கோபம் இல்லை.

தமிழனுக்குக் காத்திருப்பது பிரச்சினையே இல்லை. கூப்பிட்டதற்குக் குரல் வராததுதான் பிரச்சினை. போனும் அதையே செய்தால் என்ன? விரல் பட்ட இடத்தில், பட்ட மாத்திரத்தில், சின்னதாக 'இதோ' என்று ஒரு சொல். சொல்லைக் காட்ட வினாடியில் இருபதில் ஒரு பங்கு போதும். பிறகு செயலி தன் சௌகரியத்துக்குத் திறக்கட்டும். மற்ற போன்களில் வட்டம் சுற்றுகிறது. வட்டம் யாருக்கு மாமன் மச்சான்? 'இதோ' நம்ம வீட்டுச் சொல்.

கை கழுவும்போது சுகுணா கூப்பிட்டாள். ஈரக் கையால் எடுக்க முடியவில்லை. "இதோ கூப்பிடறேன்" என்று செய்தி மட்டும் அனுப்பினேன். கூப்பிட்டேனா என்று இதை எழுதும்போதுதான் யோசிக்கிறேன்.

ஜூன் 20, வியாழன்

கோகிலவாணிக்குப் பிடிக்கவில்லை. "இது வேகமில்லீங்ண்ணா, சமாளிப்பு" என்றாள்.

"மெருகுங்கறதே சமாளிப்புதானம்மா."

"ஒரு தடவ சமாளிக்கலாங்ண்ணா. தெனமும் நூறு தடவ தொடற பொருள்ல எத்தன நாளைக்குச் சமாளிப்பீங்க?"

அனுபவமில்லாத பெண். பன்னிரண்டு வருடம் என்று சொல்ல வாயெடுத்தேன், எதைப் பற்றிச் சொல்ல வந்தேன் என்று எனக்கே தெரியாததால் நிறுத்திக்கொண்டேன்.

ஜூன் 24, திங்கள்

நாச்சிமுத்து ஐயா வந்தார். எழுபது வயது. வெள்ளை வேட்டி, சட்டைப்பையில் இரண்டு போன், ஒன்று அந்தக் கட்சி, ஒன்று இந்தக் கட்சி. நாங்கள் அளவெடுத்து வைத்திருந்த வரைபடங்களை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. எங்கள் போனை வாங்கி, கூட்டிக்கொண்டு வந்திருந்த கடைக் கேஷியர் அம்மாவிடம் கொடுத்தார். பெயர் தங்கமணி. ஐயா தன் பேத்தியின் படத்தை அதில் ஏற்றவைத்து, அதைத் திறக்கச் சொன்னார்.

தங்கமணி அம்மா தட்டினார். இதோ. அவர் முகத்தில் சிரிப்பு. படம் வந்தது.

"கஸ்டமரு ஒருக்காத் தட்டோணும். ரெண்டாவது தட்டுத் தட்டுனாருன்னா அந்தப் போன் செத்துதுன்னு அர்த்தம். நாப்பது வருசமா கடையில நின்னு நான் படிச்ச படிப்பு இம்புட்டுத்தானுங்க. இந்தம்மா ரெண்டாந்தட்டுத் தட்டல" என்றார் நாச்சிமுத்து ஐயா.

குழந்தைவேலு என் முதுகில் தட்டினார். ஒருமுறைதான். பிறகு ஐயா எழுந்துகொண்டே, "முப்பது பேருத்துக்குக் குடுங்க. ரெண்டு வாரம் வெச்சுப் பொழங்கட்டும். பன்னெண்டாந் தேதி பேசிக்கலாம்" என்றார். கோகிலவாணி என்னைப் பார்த்தாள். நான் வெங்காயச் சருகு நிறத்தைப் பார்த்தேன்.

ஜூன் 26, புதன்

முப்பது போன் போய்ச் சேர்ந்தன. மில் தொழிலாளர்கள், தையற்காரர், பாப்பாத்தி அக்கா, பால் சொசைட்டிக்காரர் என்று கோகிலவாணி ஆள் பிடித்தாள். பெயர் கிடையாது, எண் மட்டும். தினமும் நல்லது கெட்டதை எழுதி அனுப்ப வேண்டும். எத்தனை தட்டுத் தட்டுகிறார்கள் என்பதைப் போனே எண்ணி அனுப்பும்.

ஓர் ஆள் குறைந்தது. சுகுணாவுக்குக் கூரியரில் அனுப்பச் சொன்னேன். அவள் எழுதினால் எனக்குத் தெரிந்துவிடும். என் மளிகைச் சீட்டிலேயே சிவப்பு மையால் ஒற்றுப் போட்டுத் திருத்துகிறவள்.

ஜூன் 30, ஞாயிறு

கோபிக்குப் போகவில்லை. சிறுவாணித் தண்ணீர் இன்று வரும் என்றார்கள், குடம் பிடிக்க ஆள் வேண்டும். தண்ணீரும் வரவில்லை.

ஜூலை 1, திங்கள்

கருத்துகள் வரத் தொடங்கின. நான் எழுந்து நின்று சத்தமாக வாசித்தேன்.

பயனர் 4: "சூப்பரா இருக்கு." பயனர் 9: "என் பழைய போனை விட ஃபாஸ்ட்." பழைய போன் எங்களுடையதைவிட இரண்டு மடங்கு வேகம் என்று கோகிலவாணி முணுமுணுத்தாள். மெருகின் வெற்றி என்றேன்.

பயனர் 17: "தொட்டவுடன் 'இதோ' என்று சொல்வது நன்றாக இருக்கிறது. பழகிய குரலைக் கேட்டதுபோல் இருந்தது."

இதை இரண்டு தடவை வாசித்தேன். யாரோ ரசனையுள்ள ஆள்.

ஆபீசில் எல்லோரும் ஒரு வாரமாகக் கேலி செய்கிறார்கள், "என்னங்ண்ணா, ஆடிக்கு முன்னாலயே அண்ணியத் தாய் வீட்டுக்கு அனுப்பீட்டீங்களா? புது மாப்பிள்ளையாட்ட" என்று. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தபோது சிரிப்பு இல்லை. சட்டையில் இரண்டாவது பொத்தான் போய்விட்டது. எட்டரை அளவில் வளைவு வைக்கத் தெரிந்தவனுக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியவில்லை.

ஜூலை 4, வியாழன்

பயனர் 17: "'இதோ' வந்துவிடுகிறது. படம்தான் வருவதில்லை. பழக்கம்தான். பி.கு.: 'புகைப்பட தொகுப்பு' தவறு. 'புகைப்படத் தொகுப்பு' என்று ஒற்று மிகும்."

"யாரோ தமிழ் டீச்சருங்ண்ணா" என்றாள் கோகிலவாணி.

தமிழ்நாட்டில் தமிழாசிரியர்களுக்குப் பஞ்சமா என்ன என்றேன். விட்டுப்போன அந்த ஒற்றை நாளைக்கே சேர்க்கச் சொல்ல வேண்டும்.

சுகுணா கேட்டாள், "ரெண்டு ரூம் வீட்டுக்காரங்க மறுபடியும் கூப்பிட்டாங்க. என்ன சொல்லட்டும்?" நாச்சிமுத்து ஐயாவின் முடிவு தெரியட்டும், அதன் பிறகு தெளிவாகச் சொல்லலாம் என்று நினைத்தேன். நினைத்ததை அப்படியே சொல்லியிருக்கலாம். சொன்னது: "இதோ, ரெண்டு நாள்ல சொல்லிடறேன்."

ஜூலை 8, திங்கள்

கெட்ட நாள். தட்டுக் கணக்கு வந்தது. முதல் நாள் எல்லோரும் ஒரு தட்டு. ஐந்தாம் நாள் இரண்டு. நேற்று மூன்று. பயனர் 22, பால் சொசைட்டிக்காரர், ஒரு படத்தைத் திறக்கப் பதினோரு தட்டுத் தட்டியிருக்கிறார். மாடு கறந்த கை.

மத்தியானம் பாப்பாத்தி அக்காவிடமே கேட்டேன். அவர் இலையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "மொதல்ல நெம்பப் பிரியமாத்தானுங்க இருந்துச்சு. அப்பறம் பாத்தா அது என்ற வூட்டுக்காரராட்டவே இருக்குதுங்க. கூப்புட்டா வாய் மட்டும் வருது."

"நீங்களும் உள்ளேருந்து இதோங்கறீங்களேக்கா."

"நாஞ் சொல்றப்ப கையில கரண்டி இருக்குமுங்க."

பாதிச் சோற்றில் இலையை மூடினேன்.

திரும்பி வந்தால் பயனர் 17 ஒரு பத்தியே எழுதியிருந்தார். "இந்தப் போன் பொய் சொல்லவில்லை என்று தெரியும். எப்படியும் வந்துவிடும். ஆனால் எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்லலாம் அல்லவா? முடியாது என்றாலும் முடியாது என்றே சொல்லலாம். தெரிந்தால் அதற்குள் நான் பாலாவது காய்ச்சிக்கொள்வேன். 'இதோ' என்ற சொல்லை நம்பி அடுப்புப் பக்கமும் போக முடியவில்லை. இப்போதெல்லாம் இரண்டாம் முறை தட்டுவதில்லை. முதல் முறை தட்டுவதையே குறைத்துக்கொண்டேன்."

கோகிலவாணி மெல்லிய குரலில், "பதினேழாம் நம்பரு கோபி பின்கோடுங்ண்ணா" என்றாள்.

"கோபி பெரிய ஊரும்மா" என்றேன்.

ஜூலை 9, செவ்வாய்

நேற்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தப் பால் என்னைப் பிடுங்கித் தின்றது. சரியான ஆலோசனை, யார் சொன்னால் என்ன. காலையில் கோகிலவாணியிடம் சரணடைந்தேன். இதோ என்பது அரை வினாடிக்குள் வரக்கூடியதற்கு மட்டும். அதற்கு மேல் ஆனால் 'இரண்டு நொடி', 'ஐந்து நொடி' என்று உள்ளதைச் சொல்ல வேண்டும். சிக்னல் இல்லையென்றால் 'இப்போது முடியாது'. வட்டமும் வேண்டாம், வழவழப்பும் வேண்டாம்.

"சொல்றது சுலபங்ண்ணா. எவ்வளவு நேரமாகும்னு போனுக்குத் தன்னப் பத்தித் தெரிஞ்சிருக்கோணுமே" என்றாள்.

"கத்துக் குடுப்போம்."

அவள் தன் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டாள். ஒரு செயலியைத் திறக்க எங்கள் போனுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று ஒவ்வொன்றாக அளந்து அதற்கே சொல்லிக்கொடுத்தோம். உன்னால் இவ்வளவுதான் முடியும், வெட்கப்படாதே என்று. இரண்டு நாள் வேலை இருக்கிறது.

ஜூலை 10, புதன்

முடித்துவிட்டோம். ஆறு வருடத்தில் முதல் தடவையாக எங்கள் போன் உள்ளதைச் சொல்கிறது. மாலை ஏழு மணிக்கு ஆபீசே கைதட்டியது. சந்தோஷத்தில் என் போனை எடுத்தேன். சுகுணாவின் செய்தி நான்கு மணிக்கே வந்து கிடந்தது.

"இரண்டு அறை வீட்டை வேண்டாமென்று சொல்லிவிட்டேன். மாடி ஒற்றை அறையை எடுத்திருக்கிறேன். ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பால் காய்ச்சுகிறேன். சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடுங்கள்."

இன்று பத்தாம் தேதி. முப்பது நாளாகத் தெரிந்த தேதி. இரண்டு நாள் உட்கார்ந்து ஒரு மலிவு போனுக்கு நேரத்தில் பதில் சொல்லக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

எழுதத் தொடங்கிய நாளிலிருந்து இந்தத் தாள்களைப் புரட்டிப் பார்த்தேன். வர விருப்பமில்லை என்று எங்கேயும் எழுதவில்லை. வருகிறேன் என்றும் எழுதவில்லை. இல்லை என்று சொல்லத் தைரியம் இல்லாதவன், சரி என்று சொல்லச் சோம்பல்பட்டவன். எப்படியும் அவள் இருப்பாள் என்று நினைத்திருக்கிறேன். பதினேழாம் நம்பர் யார் என்று முதல் நாளே எனக்குத் தெரியும்.

அவள் இல்லாமல் இந்த வீட்டில் எனக்கு இருக்கப் பிடிக்கவில்லை. இதைச் சொல்ல ஒரு மாதமா?

ஜூலை 12, வெள்ளி

செங்கோடன் மொபைல்ஸ் தலைமைக் கடை. கவுண்டரில் மூன்று போன். அந்தக் கட்சி, இந்தக் கட்சி, நாங்கள். தங்கமணி அம்மா முதல் இரண்டையும் தட்டினார். விரல் எடுப்பதற்குள் திறந்துகொண்டன. உண்மையைச் சொன்னால் என்ன, அவை அழகு. அந்த வழுக்கலைப் பார்க்கும்போது எனக்கே கண் நிறைந்தது.

பிறகு எங்களுடையது. ஒரு தட்டு. திரையில் 'மூன்று நொடி' என்று வந்தது. குழந்தைவேலு கண்ணை மூடிக்கொண்டார். எண்ணெய் மில் அவருக்குத் தெரிந்திருக்கும்.

தங்கமணி அம்மா போனைப் பார்த்தார். கவுண்டரில் வைத்தார். காத்திருந்த ஒருத்தருடைய பில்லில் முத்திரை குத்தினார். திரும்பி எடுத்தார். படம் திறந்திருந்தது.

நாச்சிமுத்து ஐயா மூன்று போனையும் வரிசையாக நகர்த்தி வைத்தார். பிறகு, "அவீங்க ரெண்டு பேரும் ஓடறாங்க. இது சொல்லீட்டு நடக்குது. ஓடறவங்களுக்கு நான் என்னத்தக் குடுத்தாலும் ஈடாகாது. நடக்கறவங்களுக்கு எங்கடையில கஸ்டமர் இருக்குது" என்றார். எண்பத்து நான்கு கடையில் இல்லை, பன்னிரண்டு கடையில் மட்டும். ஆறு மாதம் பார்க்கலாம்.

மூன்றாவது அணிக்கு டெபாசிட் திரும்பக் கிடைத்தது. பதினான்கு பேருக்கும் வேலை இருக்கிறது. காரில் திரும்பும்போது குழந்தைவேலு அழுதார். நானும் அழுதேன், ஆனால் வேறு கணக்கில்.

ஜூலை 13, சனி

சுகுணாவுக்கு எழுதலாம் என்று போனை எடுத்து 'இ' என்று ஓர் எழுத்துத்தான் தட்டினேன். விசைப்பலகை உடனே மூன்று சொற்றொடரை நீட்டியது. இதோ சொல்றேன். இதோ கிளம்பிட்டேன். இதோ வர்றேன். என் கைப்பழக்கத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. அதன் மேல் குற்றம் இல்லை, மிக வேகமான விசைப்பலகை.

போனைக் கவிழ்த்து வைத்தேன். சட்டைக்குப் பொத்தான் தைத்தேன். ஊசியில் நூல் ஏழாவது முயற்சியில் ஏறியது. கறிவேப்பிலைச் செடியைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்தேன். காந்திபுரத்தில் கோபிக்கு முதல் பஸ் மூன்று இருபதுக்கு.

ஜூலை 14, ஞாயிறு. கோபி

ஐந்தே முக்காலுக்கு இறங்கினேன். அவள் பள்ளிக்கூடப் பெயரைச் சொன்னதும் பூக்காரம்மா, "புது எச்செம் வூடுங்களா?" என்று வழி காட்டினார். ஒரு மாதத்தில் ஊருக்கே தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் வழி தெரியவில்லை. மாடிப்படி குறுகல். நடுப்படியில் தலை இடித்தது.

கதவு திறந்திருந்தது. உள்ளே அவள் அம்மா கோலப்பொடி டப்பாவை மூடிக்கொண்டிருந்தார். சுகுணா அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தாள். திரும்பிப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை.

"வர்றேன்னு சொல்லவே இல்லீங்களே."

"சொன்னா நம்பியிருக்க மாட்ட."

"ஆமாங்க" என்றாள். கொஞ்ச நேரம் அடுப்பைச் சரிசெய்தாள். "ஒத்த ரூம்தான் எடுத்திருக்கறன். ரெண்டு பேருக்கு எடம் பத்தாது."

"தெரியும். நேரத்துல சொல்லாதது என் தப்பு. நீ போனதுலேருந்து எனக்கு அந்த வீட்டுல இருக்கவே முடியல. அதையும் சொல்லல."

அவள் அம்மா திடீரென்று வெளியே காக்கைக்கு ஏதோ வைக்கப் போனார்.

"வாரத்துல எத்தன நாள் வருவீங்க? நம்பர் மட்டும் சொல்லுங்க."

"மூணு நாள். வியாழக்கிழம சாயங்காலம் ஆறரை பஸ். ஞாயித்துக்கிழம திரும்புவேன். மத்த நாள் இப்போதைக்கு முடியாது."

"முடியாதுன்னு சொல்லத் தெரியுதே" என்றாள். முகம் அடுப்பின் பக்கம் இருந்ததால் சிரித்தாளா என்று தெரியவில்லை. "ஒத்துப் போட்டாங்களா?"

"புகைப்படத் தொகுப்புதான? போட்டாச்சு. வெள்ளிக்கிழமையே."

மூலையில் சுருட்டி வைத்திருந்த பாயை அவள் காலால் என் பக்கம் தள்ளினாள். உட்கார்ந்தேன். பானையின் கழுத்தில் மஞ்சள் கொத்துக் கட்டியிருந்தது. பால் அசையாமல் இருந்தது. ராத்திரியிலிருந்து நான் எதுவும் சாப்பிடவில்லை.

"எப்பப் பொங்கும்?" என்று கேட்டேன்.

"இதோ" என்றாள்.

எட்டு நிமிடம் ஆயிற்று. நான் இரண்டாம் தடவை கேட்கவில்லை.